மேட்டுக்குக் கம்பி, டவுனுக்குப் பேட்டரி: பினாங்கில் டிராலி பஸ் பேச்சை எப்படிப் புரிந்துகொள்வது?

மின்சார பஸ் பற்றிச் செய்தி வந்தால் போதும், நாலு வெவ்வேறு வண்டிகள் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன. ஒருவர் சன்வே பக்கம் ஓடும் மின்சார பஸ்ஸைச் சொல்கிறார், இன்னொருவர் கூச்சிங்கின் தண்டவாளமில்லா வண்டியை டிராம் என்கிறார், தாத்தா பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் “இதெல்லாம் நம்ம பினாங்குல அப்பவே ஓடுச்சு” என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அப்போது ஓடியது டிராலி பஸ், இப்போது வாங்கப் பேசுவது பேட்டரி பஸ். மேடும் பள்ளமுமான ஓர் ஊருக்கு இந்த வேறுபாடு பெரிய விஷயம், அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

எது எது?

1. டிராம்: தெருவில் பதித்த தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தில் ஓடுவது. மேலே ஒரே ஒரு கம்பி. மின்சாரம் கம்பி வழியாக வந்து தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகும்.

2. டிராலி பஸ்: சாதாரண பஸ் மாதிரியே ரப்பர் டயர், தண்டவாளம் கிடையாது. கூரைமேல் இரண்டு நீளக் கோல்கள், தெருவுக்கு மேலே இரண்டு கம்பிகள். கோல்கள் கம்பிகளைத் தொட்டு மின்சாரம் எடுக்கும்.

3. பேட்டரி பஸ்: கம்பியே இல்லை. இரவில் டெப்போவில் சார்ஜ் ஏற்றுவார்கள், அல்லது கடைசி நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வேகமாக ஏற்றுவார்கள். 2015இல் திறந்த 5.4 கிலோமீட்டர் சன்வே பிஆர்டியில் (பஸ்ஸுக்கென்றே தனியாக இருக்கும் பாதை) ஓடுவது இந்த வகை.

4. பேட்டரியும் கோலும் சேர்ந்த டிராலி பஸ்: கம்பி இருக்கும் தெருவில் கம்பியிலிருந்து இழுத்து ஓடிக்கொண்டே பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளும், கம்பி இல்லாத தெருவில் கோலை இறக்கிவிட்டுப் பேட்டரியில் போகும். இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

கூச்சிங்கில் வரும் வண்டி இந்த நாலிலும் சேராது. அது ஹைட்ரஜனில் ஓடும், ரப்பர் டயர் போட்ட நீள வண்டி.

ஏன் இரண்டு கம்பி?

போன மின்சாரம் திரும்பி வர ஒரு வழி இருந்தால்தான் சுற்று முழுமையாகும். டிராமுக்குத் தண்டவாளமே திரும்பு வழி. ரப்பர் டயரில் மின்சாரம் பாயாது, அதனால் டிராலி பஸ்ஸுக்கு இரண்டாவது கம்பி தேவை. அந்தக் கம்பிகளில் பொதுவாக 600 அல்லது 750 வோல்ட் நேர்மின்னோட்டம் ஓடும், அதை ஊட்ட வழிநெடுக ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சிறு துணை மின்நிலையம் இருக்கும். டிராலி பஸ் என்றதும் எல்லோரும் கம்பியைத்தான் பார்க்கிறார்கள். இந்தத் துணை மின்நிலையங்களுக்கும் தரைக்கடியில் போகும் கேபிளுக்கும்கூட நிறையப் பணம் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோல்கள் இரண்டு பக்கமும் அசையும் என்பதால் பஸ் கம்பிக்கு நேர் கீழேதான் ஓட வேண்டும் என்று இல்லை. பக்கவாட்டில் ஒரு தடம் விலகி, நிறுத்தியிருக்கும் லாரியைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் ஒரே ஜோடிக் கம்பியில் முன்னால் போகும் டிராலி பஸ்ஸைப் பின்னால் வருவது முந்த முடியாது, ஒன்று கோலை இறக்கினால் ஒழிய. பழைய வண்டிகளில் திருப்பத்தில் கோல் கழன்றுவிட்டால் ஒருவர் இறங்கி, நீள மூங்கில் கழியால் அதைத் தூக்கி மறுபடியும் கம்பியில் மாட்ட வேண்டும், அதுவரை பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்கும். இப்போதைய வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே பொத்தானை அழுத்திக் கோலை இறக்கலாம், குறிப்பிட்ட நிறுத்தங்களில் ஏற்றவும் செய்யலாம்.

பினாங்குக்கு இது புதிதல்ல

ஜார்ஜ்டவுனில் மின்சார டிராம் 1906இல் ஓடத் தொடங்கியது. 1925இல் டிராலி பஸ் வந்தது, 1936இல் டிராம் முழுவதும் நின்றது, டிராலி பஸ் மட்டும் 1961 வரை ஓடியது. இன்றைய மலேசியாவில் டிராலி பஸ் ஓடிய ஒரே ஊர் இதுதான். பினாங்கு ரோடும் சூலியா தெருவும் சந்திக்கும் மூலையில் பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு துண்டைத் தார் அகற்றி வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள், நடந்து போகிறவர்கள் குனிந்து பார்த்தால் தெரியும். டிராலி பஸ் தரையில் எதையும் விட்டுப்போகாத வண்டி என்பதால் அதற்கு அப்படி ஓர் அடையாளமும் இல்லை, பேச்சிலும் அது டிராமோடு கலந்துபோனது.

ஏன் நிறுத்தினார்கள்? இது பினாங்கில் மட்டும் நடந்தது இல்லை. லண்டனும் சிங்கப்பூரும் 1962இல் நிறுத்தின. டீசல் மலிவு, ஊர் வெளிப்பக்கமாகப் பரந்தது, புதுத் தாமான் முளைக்கும்போதெல்லாம் அங்கே கம்பி இழுத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கம்பி இல்லாமல் நூறடிகூட ஓடாத வண்டி அது. அன்றைய நிலையில் டீசல் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது என்பது என் கருத்து. அன்று இருந்த முக்கியமான குறை இன்று பேட்டரி வந்ததால் போய்விட்டது, அதனால்தான் பழைய முடிவை இன்றைக்கும் சரியென்று எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

மேடு ஏறும்போது என்ன ஆகிறது?

சரி, இனி மலைக்கு வருவோம். சாலையின் சரிவை விழுக்காட்டில் சொல்வார்கள். 8 விழுக்காடு என்றால் 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரம். ஆட்கள் நிறைந்த 12 மீட்டர் பஸ் ஏறத்தாழ 18 டன் இருக்கும்.

1. உயரத்துக்கான ஆற்றல். 18 டன்னை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 4.9 கிலோவாட் மணி போதும். மோட்டாரிலும் கியரிலும் வீணாவதைச் சேர்த்தால் 6 என்று வைத்துக்கொள்ளலாம். இது சமதரையில் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம். பலர் நினைக்கும் அளவுக்கு அதிகம் இல்லை.

2. அந்த நொடிக்குத் தேவைப்படும் திறன். 8 விழுக்காட்டு மேட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, உயரத்துக்கு மட்டுமே 118 கிலோவாட் வேண்டும். டயர் உராய்வு, ஏர்கான் எல்லாம் அதற்கு மேல். டீசல் எஞ்சின் நின்ற நிலையில் இழுவிசை தராது, கியரைக் குறைத்து எஞ்சினைக் கத்தவிட்டுத்தான் மேட்டில் நகரும், அந்த நேரம் பின்னால் மோட்டார்சைக்கிளில் போகிறவர்களுக்கு அந்தப் புகை என்னவென்று தெரியும். மின் மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவிசை தரும், ஒன்றிரண்டு நிமிடத்துக்குத் தன் வழக்கமான அளவைத் தாண்டியும் தாங்கும். மலைப்பாங்கான ஊர்கள் டிராலி பஸ்ஸை விடாமல் வைத்திருந்ததற்கு முதல் காரணம் இதுதான். சான் பிரான்சிஸ்கோவில் 24ஆம் எண் டிராலி பஸ் ஏறும் ஒரு தெருவின் சரிவு 22.8 விழுக்காடு. சியாட்டல் 1940 முதல் இன்றுவரை வைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்து டீசல் எஞ்சின் திணறும் கீட்டோ நகரம் 1995இல் புதிதாகவே தொடங்கியது.

3. அப்புறம், சரிவுக்கு வரம்பு உண்டு. ரப்பர் டயர் இரும்புச் சக்கரத்தைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதால் டிராம் ஏற முடியாத மேட்டில் டிராலி பஸ் ஏறும். ஆனால் கொடிமலை ரயில் பாதை மாதிரியான சரிவு வேறு கணக்கு, அங்கே வண்டியை இழுப்பது கயிறு.

மேடு ஏற மின் மோட்டார்தான் சிறந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் பேட்டரி பஸ்ஸிலும் அதே மோட்டார்தானே இருக்கிறது, அப்படியானால் கம்பி எதற்கு? நியாயமான கேள்வி. 350 கிலோவாட் மணி பேட்டரிக்கு 118 கிலோவாட் கொடுப்பது சிரமமே இல்லை. ‘பேட்டரி பஸ் மேடு ஏறாது’ என்று யாராவது பகிர்ந்தால் நம்பாதீர்கள். பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது, ஒரு நாள் முழுக்க ஓடும்போது.

ஒரு கற்பனைத் தடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பஸ் நாளைக்கு 200 கிலோமீட்டர், 16 மணி நேரம், 100 மீட்டர் மேட்டை 15 முறை ஏறி இறங்குகிறது.

1. ஓடுவதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு 1 என்று வைத்தால் 200 கிலோவாட் மணி.

2. ஏர்கான் சராசரியாக 10 கிலோவாட் இழுத்தால்கூட 160. மதியம் ஒரு மணி வெயிலில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் கதவைத் திறந்து மூடும் பஸ்ஸில் அது ஓய்வே எடுக்காது.

3. மேட்டில் செலவானதில் பாதி இறக்கத்தில் திரும்பக் கிடைத்தாலும், ஒரு சுற்றுக்கு 3 வீதம் 45.

மொத்தம் 405. பேட்டரியை அடியோடு வடிக்கக்கூடாது, 350இல் 280 அளவுதான் நம்பிப் பயன்படுத்தலாம். ஆக, மதியத்துக்கு மேல் அந்த பஸ் சார்ஜுக்குப் போயாக வேண்டும், அதன் இடத்தில் ஓட இன்னொரு பஸ் வேண்டும், அதற்கு இன்னொரு ஓட்டுநரும் டெப்போவில் இடமும் வேண்டும். இல்லையென்றால் பேட்டரியைப் பெரிதாக்க வேண்டும். 350 கிலோவாட் மணி பேட்டரியே இரண்டு டன்னைத் தாண்டும், அதைப் பெரிதாக்கினால் ஆட்களுக்கான எடைதான் குறையும். அதோடு கணக்கில் ஏர்கானின் பங்கு மலையின் பங்கைவிட மூன்று மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். குளிர்நாட்டு பஸ் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுவது ஏன் தவறு என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

இறக்கம்தான் இன்னும் முக்கியம்

மேட்டைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் ஆபத்து இறக்கத்தில்தான். நீள இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் 2013 ஆகஸ்டில் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை.

மின் மோட்டாரில் இறக்கத்தின்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும், அதில் உண்டாகும் மின்சாரம் எங்காவது போக வேண்டும். எங்கே போகும் என்பதில்தான் வேறுபாடு. பேட்டரி பஸ்ஸில் பேட்டரிக்குள் போகும், ஆனால் மேட்டு உச்சியிலேயே டெப்போ இருந்து, காலையில் பேட்டரி நிறைந்த வண்டி அங்கிருந்து இறங்கினால் அதற்கு உள்ளே இடமில்லை, மின்தடைச் சுருளில் எரித்து வெப்பமாக்க வேண்டும் அல்லது சாதாரண பிரேக்கை நம்ப வேண்டும். டிராலி பஸ்ஸில் அது கம்பிக்குள் போகும், அதே நேரம் கீழிருந்து ஏறிக்கொண்டிருக்கும் இன்னொரு பஸ் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஏறும் வண்டியை இறங்கும் வண்டி தள்ளிவிடுகிற கணக்கு இது. எதிரே ஏறும் வண்டி இல்லாத நேரத்தில் இங்கேயும் அந்தச் சுருளில் எரிப்பதுதான் வழி, துணை மின்நிலையம் மின்சாரத்தைத் திருப்பி வாங்கும் வசதியோடு கட்டப்பட்டிருந்தால் ஒழிய. அதனால் பஸ் அடிக்கடி ஓடும் தடத்தில்தான் இந்த லாபம் தெரியும், மணிக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் தெரியாது.

ஓடிக்கொண்டே சார்ஜ்

நாள் முழுக்கத் தேவையான தண்ணீரை விடியற்காலையிலேயே குடத்தில் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறுவதும், வழியில் குழாய் இருப்பதால் சின்னச் செம்போடு கிளம்புவதும் ஒன்றல்ல. நாலாவது வகை பஸ் செம்போடு கிளம்புகிறது. 50, 60 கிலோவாட் மணி பேட்டரி போதும், ஏனென்றால் மேட்டில் கம்பியிலிருந்து நேராக இழுத்து ஏறும்போதே பேட்டரியும் நிறைந்துகொண்டிருக்கும். தடத்தின் பாதியளவுக்குக் கம்பி இருந்தால் மீதியைக் கம்பியில்லாமல் ஓடலாம் என்பது பொதுவான கணக்கு.

இதில் ஒரு நுட்பம். நின்றுகொண்டிருக்கும்போது கம்பியிலிருந்து அதிகம் இழுக்க முடியாது, கோலின் முனை தொடும் அந்த ஒரே புள்ளியில் செம்புக் கம்பி சூடாகிவிடும். ஓடும்போது தொடும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சூடு பரவிப் போகும், அதிகமாக இழுக்கலாம். ஆகவே நிறுத்தத்தில் கம்பி போடுவதைவிட, பஸ் மெதுவாக நீண்ட நேரம் நகரும் மேட்டில் கம்பி போடுவதுதான் பலன் தரும்.

ப்ராக் நகரம் இப்படித்தான் செய்தது. 1972இல் டிராலி பஸ்ஸை மூடிய ஊர், 2017இல் ப்ரோசெக் என்ற மேட்டில் சோதனைக்காகக் கம்பி போட்டுப் பார்த்து, 2022இல் ஒரு முழுத் தடத்தையே இந்த முறைக்கு மாற்றியது. அந்தத் தடத்தின் ஒரு பகுதிக்குத்தான் கம்பி.

ரதமும் கொடியும் போகும் தெருவில் கம்பியா?

ஜார்ஜ்டவுனுக்கு இது மிக முக்கியமான கேள்வி, வெளியூர் ஆலோசகர்கள் எளிதில் கோட்டைவிடக்கூடியதும் இதுதான். டிராலி கம்பி தரையிலிருந்து 5.5 முதல் 6 மீட்டர் உயரத்தில் தொங்கும். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி ரதத்தையும் அதோடு தங்க ரதத்தையும் எண்ணிப் பாருங்கள், ரதத்தின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே எத்தனை அடி மிச்சம் என்று அளக்காமல் யாரும் திட்டம் வரையக்கூடாது. சிங்கே ஊர்வலத்தில் நெற்றியிலும் பல்லிலும் தாங்கித் தூக்கும் கொடிக்கம்பங்கள் அதைவிட உயரம். மின்சாரத்தை அன்றைக்கு அணைத்துவிடலாம், ஆனால் கம்பியின் உயரத்தை மாற்ற முடியாது.

அதோடு ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி போடுவதற்கு எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பழைய வகை டிராலி பஸ் என்றால் விவாதம் இங்கேயே முடிந்துவிடும். பேட்டரி சேர்ந்த வகைக்கு அந்தத் தடை இல்லை. கொம்தார், ஜெட்டி, லிட்டில் இந்தியா சுற்றுப்பக்கம் எல்லாம் பேட்டரியில், கோல் இறக்கிய நிலையில். மேட்டுப் பக்கம் மட்டும் கம்பி.

எந்தச் சாலைக்குப் பொருந்தும்?

கம்பி என்பது பல ஆண்டுகளுக்கு ஒரே இடத்தில் முடங்கும் முதலீடு. ஒரு கிலோமீட்டருக்கு மில்லியன் கணக்கில் ரிங்கிட் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸாவது ஓடி, அந்தக் கம்பியைப் பல தடங்கள் பகிர்ந்துகொண்டால்தான் அது தாங்கும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மேட்டைத் தாண்டி ரெலாவ் பக்கம் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அடுக்குமாடி, காலையிலும் மாலையிலும் நெரிசல், நல்ல மேடு. ஆய்வு செய்து பார்க்கத் தகுந்த தடம் இது என்றே நினைக்கிறேன். துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவ் போகும் தடம் அப்படியில்லை. வளைவுகளும் மேடும் அதிகம்தான், ஆனால் பஸ்கள் குறைவு, கனமழையில் மண் சரியும் பக்கம், சாலையோர மரம் முறிந்தால் முதலில் அறுவது கம்பிதான். அங்கே பேட்டரி பஸ், கடைசி நிறுத்தத்தில் ஒரு சார்ஜர், அது போதும். டவுனில்கூடத் தூங்குமூஞ்சி மரங்கள் குடைபிடித்து நிற்கும் சாலைகளில் கம்பிக்காகக் கிளை வெட்ட வந்தால் நானே எதிர்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025இல் முத்தியாரா எல்ஆர்டி வேலை தொடங்கியாயிற்று. எல்ஆர்டி கடற்கரைப் பக்கச் சமதரைக்கு உதவும், மேட்டுப் பக்கம் இருக்கிறவர்களை நிலையத்துக்குக் கொண்டுவருவது பஸ்தான். அந்த பஸ் வீட்டு வாசலருகே நேரத்துக்கு வராவிட்டால் எத்தனை பில்லியனில் ரயில் விட்டாலும் பாயா தெருபோங்கில் இருப்பவர் மோட்டார்சைக்கிளைத்தான் எடுப்பார்.

சுற்றுச்சூழல் பற்றி ஒரு வார்த்தை. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது, அதனால் மின்சார பஸ் என்றாலே புகையில்லை என்பது முழு உண்மை அல்ல. ஆனால் நிறுத்தத்தில் நிற்கும் ஆயாவின் மூக்கருகே புகை இருக்காது, அதுவே பெரிய மாற்றம்.

வாங்கினால் மட்டும் போதுமா?

நியூசிலாந்தின் வெலிங்டன் மேடுகள் நிறைந்த ஊர், டிராலி பஸ்ஸுக்கு ஏற்ற இடம். அது 2017இல் டிராலி பஸ்ஸை நிறுத்தியது. வண்டிகள் ஓடும் நிலையில் இருந்தன. மின்சாரம் ஊட்டும் பழைய துணை மின்நிலையங்களையும் கேபிள்களையும் புதுப்பிக்கும் செலவுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. சியாட்டலும் 2011இல் அதே கேள்வியை எடுத்து ஆராய்ந்து, வைத்துக்கொள்வதே மேல் என்று முடிவு செய்து, கம்பியில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடும் புது வண்டிகளை வாங்கியது.

அடுத்த முறை பினாங்கில் மின்சார பஸ் டெண்டர் பற்றிச் செய்தி வந்தால், எத்தனை பஸ் என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் இவற்றைக் கேளுங்கள்:

1. ஏர்கான் முழுவதும் ஓடும்போது, ஆட்கள் நிறைந்த வண்டி, மேட்டுத் தடத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? விளம்பரத் தாளில் இருக்கும் எண் அல்ல, இங்கே ஓட்டிப் பார்த்த எண்.

2. சார்ஜுக்குப் போகும் நேரத்தில் அந்த இடத்தில் ஓட எத்தனை மாற்று பஸ் கணக்கில் இருக்கிறது?

3. எட்டாவது, பத்தாவது ஆண்டில் பேட்டரி மாற்றும் செலவு யார் தலையில்?

4. கம்பியும் பேட்டரியும் சேர்ந்த வகையை ஒப்பிட்டுப் பார்த்தார்களா, இல்லை பட்டியலிலேயே சேர்க்கவில்லையா?

5. கம்பி போடுவதென்றால் அதைப் பராமரிக்கும் லைன்மேன்களை இங்கேயே பயிற்றுவிக்கத் திட்டம் உண்டா? புயல் மழைக்குப் பிறகு ஒரு கம்பி அறுந்தால் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குள் அதைக் கட்டித் தர வேண்டியவர்கள் அவர்கள்தான்.